பட்டம் கொடுக்க இவர்கள் யார்?

நடிகர் சிவாஜி கணேசன் 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி மறைந்தார். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அவருக்கு இன்ன பட்டம் கிடைத்தது, இன்ன பட்டம் கிடைக்கவில்லை, கிடைத்ததும் காலங்கடந்து கிடைத்தது என்கின்ற பேச்சு மாத்திரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தேநீர்க் கடையிலும், முடிதிருத்தகத்திலும், கலியாணப் பந்தலிலும் வயதான நாலு பேர் கூடிவிட்டால் இந்த வழக்கு ஆரம்பமாகி விடுகின்றது. "தில்லிக்காரன் வஞ்சித்து விட்டான்" என்பார் ஒருவர். "பிரெஞ்சுக்காரன் கொடுத்தானே, அது போதாதா?" என்பார் இன்னொருவர். "எங்கள் ஆளுக்குத்தான் முதலில் கிடைத்தது" என்று மற்றொரு நடிகரின் பக்தர் குறுக்கே விழுவார். பிறகு சண்டைதான். இந்த வழக்கைக் கேட்டுக் கேட்டு, இதில் உள்ள கோளாறு எங்கே இருக்கின்றது என்று நாமும் யோசித்துப் பார்த்தோம். நமக்குப் பட்டதை ஒளிவு மறைவின்றி எழுதுகின்றோம்.

முதலில் கணக்கை ஒழுங்காகப் பார்த்து விடுவோம். 1952-இல் 'பராசக்தி' வெளிவந்தது. 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. அந்தப் படத்தில் நடித்ததற்காக 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் என்கின்ற பரிசு இவருக்குக் கிடைத்தது. 1962-இல் அமெரிக்காவுக்கு விருந்தினராகப் போனபோது, நயாகரா நகரத்தார் இவரை ஒரு நாள் மேயராக உட்கார வைத்து மரியாதை செய்தார்கள். நம் நாட்டு அரசாங்கம் 1966-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. 1982-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக்கியது. 1984-இல் பத்மபூஷண் கொடுத்தது. 1995-இல் பிரெஞ்சு அரசாங்கம் செவாலியே என்னும் விருதை வழங்கியது. அதற்குப் பிறகுதான் 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வந்தது. மறைந்த வருஷத்திலேயே தபால் தலையும் வந்தது. சென்னையில் ஒரு சாலைக்குப் பெயர் வைத்தார்கள். கடற்கரைச் சாலையில் சிலையும் வைத்தார்கள்.

இத்தனை வந்தும், அந்தந்த ஆண்டின் சிறந்த நடிகர் என்று மத்திய அரசாங்கம் கொடுக்கும் தேசிய விருது மாத்திரம் இவருக்கு ஒரு தரம்கூட வரவில்லை. 1992-ஆம் ஆண்டின் 'தேவர் மகன்' படத்துக்காக நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று ஒன்றை அறிவித்தார்கள். நாற்பது ஆண்டுகள் நடித்து முடித்த மனிதருக்கு வழியில் கிடந்ததை எடுத்துக் கொடுப்பது போல இருந்த அந்த விருதை அவர் ஏற்றுக் கொள்ளவில்லை. அப்படி ஏற்றுக் கொள்ளாததைச் சுயமரியாதைக்கு ஏற்ற காரியம் என்றே நாம் சொல்லுவோம்.

ரசிகர்களின் குறையில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பாதி நியாயம் இருக்கின்றது. அதையும் சொல்லி விடுகின்றோம். படங்களுக்குத் தேசிய விருது கொடுக்கும் வழக்கம் 1954-இல் ஆரம்பமானது. ஆனால் நடிகர்களுக்கென்று தனி விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான் ஏற்பட்டது. அதற்குள் 'பராசக்தி'யும், 'மனோகரா'வும், 'கட்டபொம்மன்' படமும், 'பாசமலர்' படமும், 'கப்பலோட்டிய தமிழன்' படமும், 'கர்ணன்' படமும் வந்து போய்விட்டன. அறுவடை முடிந்து வைக்கோலும் போர் ஏறிய பிறகு அளப்பதற்கு மரக்கால் செய்த கதைதான் இது. மரக்கால் இல்லாத காலத்து நெல் நெல்லல்ல என்று எந்த விவசாயியாவது ஒப்புக் கொள்வானா?

அல்லாமலும், அந்த விருது எப்படித் தீர்மானிக்கப்படுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். படம் எடுத்தவர் படத்தை அனுப்பினால்தான் நடுவர் குழு அதைப் பார்க்கும். குழுவில் பல பாஷைக்காரர்கள் இருப்பார்கள். தமிழ் அறியாதவர்கள், படத்தின் அடியில் ஓடுகின்ற மொழிபெயர்ப்பு எழுத்தைப் படித்துக் கொண்டே நடிப்பை அளக்க வேண்டும். வசனத்தின் ஏற்ற இறக்கத்தையும், ஒரு சொல்லை எங்கே நிறுத்தினார், எங்கே இழுத்தார், எங்கே விழுங்கினார் என்பதையும் உயிராகக் கொண்ட நடிப்பு அவருடையது. அதை அடி எழுத்தை வைத்து அளப்பது, பாட்டைக் காதால் கேட்காமல் தாளில் படித்து மதிப்புப் போடுவதற்குச் சமமாகும். குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்லவர்களாகவே இருந்தாலும் அளக்க முடியாததை அளக்க உட்கார்ந்தவர்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

நிற்க. குறையில் பாதி நியாயம் இருக்கின்றதென்றால் மற்றப் பாதி என்ன? அதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

நம் நாட்டில் மரியாதை என்கின்ற சொல்லே கோயில் வாசலில் கட்டிப் போடப்பட்ட சொல்லாக இருந்து வருகின்றது. திருவிழா வந்தால் ஊரில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில், தேர் வடத்தை முதலில் தொடுவது யார் என்பதற்காக வெட்டுக் குத்து நடக்கின்றது. கோர்ட்டில் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கின்றது. ஊருக்குக் குளம் வெட்டினவனுக்கு அந்தப் பரிவட்டம் கட்டப்படுவதில்லை. பள்ளிக்கூடம் வைத்தவனுக்கும் கட்டப்படுவதில்லை. இன்னாருக்கு மகனாகப் பிறந்தவன் என்பதற்காகவே கட்டப்படுகின்றது. கட்டுகின்றவருக்கும் வேறு யோக்கியதை ஒன்றும் வேண்டியதில்லை. அவரும் பிறந்ததே யோக்கியதை. வாங்குகின்றவன் எவ்வளவு பெரிய மனிதனாயிருந்தாலும், கொடுக்கின்றவர் முன் தலை குனிந்து நின்றால்தான் துணி தலையில் ஏறும். ஆகவே இந்த மரியாதையில் உயர்த்தப்படுகின்றவன் யார், தாழ்த்தப்படுகின்றவன் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரிவட்டம் கட்டிக் கொள்ளும் ஒவ்வொருவனும், கட்டுகின்றவனைத் தனக்கு மேலானவன் என்று ஒப்புக் கொண்டு கையெழுத்துப் போடுகின்றான்.

இது ஏதோ கிராமத்துச் சங்கதி என்று பட்டணத்தார் சிரிக்க வேண்டாம். மராட்டிய வீரன் சிவாஜியின் கதை என்ன? வாளெடுத்துக் கோட்டைகளைப் பிடித்தான். மொகலாயப் பேரரசை எதிர்த்து நின்றான். ராஜ்யத்தைத் தன் கையால் உண்டாக்கினான். ஆனால் தலையில் முடி வைத்துக் கொள்ள வேண்டுமென்று வந்தபோது, "நீ க்ஷத்திரியனா? அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். கோட்டையைப் பிடித்தபோது கேட்காத கேள்வி, முடி சூட வந்தபோது கேட்கப்பட்டது! பிறகு காசியில் இருந்து காகபட்டர் என்னும் பண்டிதர் வரவழைக்கப்பட்டார். ராஜபுத்திர வம்சாவளி ஒன்று எடுத்துக் காட்டப்பட்டது. பூணூல் சடங்கு செய்யப்பட்டது. ஏராளமான பொருள் தானமாகக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகே 1674-இல் ராய்கட் கோட்டையில் முடி ஏறியது. ராஜ்யத்தைச் சம்பாதித்தவன் ஒருவன், அதற்கு ராஜா என்று சொல்ல உரிமை படைத்தவன் வேறொருவன் என்றால், இதைவிட வேடிக்கையும் உண்டா? இதைவிட அவமானமும் உண்டா?

இந்தக் கதையைத்தான் தோழர் அண்ணாதுரை 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்கின்ற நாடகமாக எழுதினார். அதில் காகபட்டராக அவரே வேஷம் போட்டார். சிவாஜி வேஷத்துக்கு வந்தவர் கணேசன் என்கின்ற வாலிபர். அவர் விழுப்புரத்தில் 1928-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேஷமும் போட்டு, கம்பெனிச் சாப்பாட்டில் வளர்ந்தவர். பெரிய குடும்பத்துப் பெயரோ, படிப்போ, பணமோ பின்னால் இல்லாதவர். குறுகிய அவகாசத்தில் நீண்ட வசனங்களைப் பாடம் செய்து மேடை ஏறினார். 1946-இல் சுயமரியாதை மாநாட்டில் அந்த நாடகத்தைப் பார்த்த பெரியார், இந்தப் பிள்ளை இனிமேல் சிவாஜி கணேசன் என்று அழைத்தார். அப்போது அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதுகூட முழுதாய் நிரம்பியிருக்குமோ என்னவோ!

அந்தப் பட்டத்தோடு பொற்பதக்கம் இல்லை. பணமுடிப்பு இல்லை. கெஜட்டில் அறிவிப்பும் இல்லை. கொடுத்தவர் கையில் அரசாங்கமும் இல்லை, கஜானாவும் இல்லை. வாங்கினவர் அதற்காக யாருக்கும் விண்ணப்பம் போடவுமில்லை, யாருடைய சிபார்சையும் நாடவுமில்லை. ஒருவர் பார்த்தார், இன்னொருவர் நடித்தார், பார்த்தவர் வாயார ஒரு சொல் சொன்னார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பத்மங்கள் எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக் கொண்டு நின்றனவே தவிர, அந்தப் பெயரை நகர்த்த முடியவில்லை. இன்றைக்கும் குக்கிராமத்தில் போய், பத்மபூஷண் கணேசன் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். சிவாஜி யார் என்று கேட்டால் ஆடு மேய்க்கிறவரும் சொல்லுவார்.

பிறப்பைக் காட்டினால்தான் முடி என்ற ஒரு ராஜாவின் கதையை நடித்ததற்காக, பிறப்பைக் கேட்காமலேயே ஒரு நடிகருக்குப் பெயர் கொடுக்கப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த ராஜாவுக்கு நேர்ந்தது ஒரு வகை மரியாதை. இந்த நடிகருக்கு நேர்ந்தது இன்னொரு வகை மரியாதை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்தவர்கள், தில்லிக் கதவைப் பார்த்துக் கொண்டு இத்தனை காலம் பெருமூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் நம் தோழர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கக் கூடும். "அந்த நடிகர் பிற்காலத்தில் நம் கொள்கைப்படி நடந்தாரா? திருப்பதிக்குப் போனாரே! புராணப் படங்களில் சிவனாகவும் முருகனுடைய தளபதியாகவும் வந்தாரே! காங்கிரசில் சேர்ந்தாரே!" என்பதுதான் கேள்வி. ஆம், போனார், வந்தார், சேர்ந்தார். 1950-களில் அவர் திருப்பதி போய் வந்ததைக் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டியவர்கள்கூட உண்டு. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' போன்ற படங்கள் மக்களுடைய மூட நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்தன என்பதுதான் நமது அபிப்பிராயம். அதை மறைத்துப் பேச நமக்கு அவசியமில்லை. ஆனால் 1946-இல் கொடுக்கப்பட்ட பெயர் எதற்காகக் கொடுக்கப்பட்டது? கோயிலுக்குப் போகாமல் இருப்பதற்குக் கூலியாகவா? இல்லை. நன்றாய் நடித்ததற்காகக் கொடுக்கப்பட்டது. நடிப்பு நன்றாயிருந்தது உண்மையானால், பெயரும் உண்மை. அதனால்தான் அதைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. அவரும் அதைக் கடைசி வரை கழற்றி வைக்கவில்லை. கருத்தில் மாறுபட்டவனுடைய திறமையையும் திறமை என்று ஒப்புக் கொள்வதுதான் பகுத்தறிவு. நமக்கு ஒத்து ஊதுகின்றவனுக்கு மாத்திரம் பட்டம் என்றால், நமக்கும் காகபட்டருக்கும் என்ன வித்தியாசம்?

இனி அரசாங்கத்தார் கொடுக்கும் மரியாதையின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில் ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர், சர் என்று பட்டங்கள் இருந்தன. கலெக்டர் துரை தயவு வைத்தால் அவை கிடைக்கும். அவற்றை வாங்கினவர்கள் வாயைத் திறந்து துரைக்கு எதிராகப் பேச மாட்டார்கள். சுயராஜ்யம் வந்தது. இனிமேல் அரசாங்கம் பட்டம் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். நல்ல காரியம் என்று நாமும் பாராட்டுகின்றோம். ஆனால் அந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாலாவது வருஷத்திலேயே, 1954-இல், பத்ம விருதுகள் என்று ஆரம்பித்து விட்டார்கள். 1977-இல் ஆட்சி மாறியதும் அவை நிறுத்தப்பட்டன. 1980-இல் மறுபடியும் ஆட்சி மாறியதும் மறுபடியும் வந்தன. இது பட்டமல்லவா என்று கோர்ட்டுக்குப் போனதற்கு, இவை பட்டங்கள் ஆகா, ஆனால் இவற்றைப் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக் கொள்ளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1995-இல் தீர்ப்புச் சொல்லி விட்டது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் சினிமாப் படத்தின் எழுத்துகளிலும், கலியாணப் பத்திரிகைகளிலும், சுவரொட்டிகளிலும் பெயருக்கு முன்னால் பத்மத்தைப் பார்க்காதவர்கள் உண்டா? பூணூலைக் கழற்று என்று சொல்லிவிட்டு, சட்டைக்கு மேல் தெரியாமல் போட்டுக்கொள் என்று சொன்னால் அது எப்படி நடக்குமோ அப்படித்தான் இதுவும் நடக்கின்றது.

அதே 1954-ஆம் வருஷத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. கலைஞர்களைக் கௌரவிக்க மேலே பத்மம் உண்டாக்கிய அந்த வருஷத்திலேயே, இங்கே சென்னை ராஜ்யத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. ஆட்சேபகரமான நாடகம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் தடுத்து விடலாம் என்றது அந்தச் சட்டம். அந்த நாளில் ராமாயணத்தையும் புரோகிதத்தையும் மேடையில் நாறடித்துக் கொண்டிருந்த எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்தே அந்தச் சட்டம் வந்தது என்பது யாவரும் அறிந்த சங்கதி. அந்த ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்ததும் அதே 1954-இல்தான். அரசாங்கத்தின் ஒரு கை கலைஞனுக்கு மாலை போட நீண்டபோது, இன்னொரு கை கலைஞன் வாயைப் பொத்த நீண்டது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2013-ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எம்.ஆர்.ராதாவுக்கு எந்தப் பத்மமும் வரவில்லை. 1957-இல் மறைந்த என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் வரவில்லை. ஆனால் நடிகவேள் என்றால் ஒருவர்தான், கலைவாணர் என்றால் ஒருவர்தான். இந்தப் பெயர்களை யார் வைத்திருந்தாலும், ஐம்பது வருஷம், அறுபது வருஷம் காப்பாற்றி வைத்தது மக்கள் வாய்தான். அரசாங்கம் கொடுத்த பட்டத்தைச் சட்டம் போட்டு நிறுத்தலாம், கோர்ட்டில் போட்டு வெட்டலாம். மக்கள் வாயில் ஏறின பெயரை எந்தச் சட்டத்தால் இறக்க முடியும்?

கல்லில் செய்து வைத்த மரியாதையின் கதியையும் நாம் பார்த்தோம். 2006-இல் கடற்கரைச் சாலையில் சிவாஜி கணேசனுக்குச் சிலை வைத்தார்கள். அது போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்குப் போட்டார்கள். கோர்ட் உத்தரவின்படி 2017 ஆகஸ்டில் சிலையைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் அடையாற்றில் திறந்த மணிமண்டபத்தில் கொண்டு போய் வைத்தார்கள். ஓர் அரசாங்கம் வைத்ததை இன்னோர் அரசாங்கத்தின் காலத்தில் அகற்றினார்கள் என்று கட்சிச் சண்டையும் நடந்தது. தெருப் பெயர் வைத்த லட்சணமோ இன்னும் வேடிக்கையானது. முன்னாளில் போக் என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில் இருந்த தெருவுக்கு இவர் பெயரை வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் சிவாஜி கணேசன் சாலை என்று வைத்தால் போதாதாம், செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று வைக்க வேண்டியிருந்தது. தமிழன் வாயால் சிவாஜி என்று சொன்னால் மதிப்பில்லை, பிரெஞ்சுக்காரன் முத்திரை ஒன்று முன்னால் இருந்தால்தான் மதிப்பு என்கின்ற எண்ணம் அல்லவா அந்தப் பலகையில் எழுதி இருக்கின்றது? இந்த நடிகரைப் பிரெஞ்சுக்காரர் பாராட்டியதில் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் வெளியான் ஒருவன் பாராட்டிய பிறகுதான் நம் வீட்டுப் பிள்ளையின் அருமை நமக்குத் தெரியும் என்றால், அது பிள்ளையின் குறையா, நம் குறையா?

மேலே இருக்கின்றவர்களைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டுக் கீழே இருக்கின்ற நம்மவர்களைப் பேசாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. தில்லிக்காரன் மரியாதை செய்யவில்லையே என்று அழுகின்ற ரசிகர்கள் தாங்கள் செய்யும் மரியாதை எப்படி இருக்கின்றது என்று பார்த்தார்களா? படம் வெளியான அன்றைக்குக் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகின்றார்கள். சூடம் கொளுத்துகின்றார்கள். தேங்காய் உடைக்கின்றார்கள். வீட்டில் குழந்தைக்குப் பால் இல்லாதவன் கடன் வாங்கிக் கொட்டகை வாசலில் பாலைக் கொட்டுகின்றான். கல்லுக்குப் பால் ஊற்றுவது மடமை என்று நூறு வருஷமாகச் சொல்லி வருகின்றோம். கல்லை விட்டு விட்டு அட்டைக்கு ஊற்ற ஆரம்பித்திருக்கின்றார்கள்! நடிகரை மனிதராகப் பார்த்து, இந்தக் காட்சியில் இவர் செய்தது உசத்தி, அந்தக் காட்சியில் செய்தது மிகை என்று சொல்லத் தெரிந்தவன்தான் நடிகருக்கு உண்மையான மரியாதை செய்தவனாவான். தெய்வமாக்கி விட்டால் பிறகு திறமைக்கு அங்கே என்ன வேலை? எவ்வளவு மோசமாக நடித்தாலும் பால் விழத்தானே போகின்றது?

ஆனால் நம் மக்கள் முழுவதும் அறிவிழந்து விடவில்லை என்பதற்கும் இந்த நடிகர் வாழ்க்கையிலேயே அத்தாட்சி இருக்கின்றது. 1988-இல் அவர் சொந்தமாக ஒரு கட்சி ஆரம்பித்தார். 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்றார். தோற்றுப் போனார். கொட்டகையில் அவருக்காகக் கண்ணீர் விட்ட ஜனங்கள், ஓட்டுச் சாவடியில் வேறு பெட்டியில் ஓட்டைப் போட்டார்கள். ரசிகர்கள் இதை நன்றிகெட்ட தனம் என்றார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நடிப்புக்குக் கைதட்டல், ஆட்சிக்கு ஓட்டு என்று இரண்டையும் தனித் தனியாக வைத்துப் பார்த்த ஜனங்கள் யோக்கியமான காரியத்தையே செய்தார்கள். அதனால் அவருடைய நடிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறைந்து விடவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். கணேசன் வளர்ந்த நாடகக் கம்பெனிகளில் அவரோடு எத்தனையோ பையன்கள் சாப்பிட்டார்கள், அடி வாங்கினார்கள், வேஷம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் சிவாஜி ஆனார். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? மேடையில் ராஜாவாக நின்று, விடிந்ததும் கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்தவர்கள் எத்தனை பேர்? இன்றைக்கும் தெருக்கூத்து ஆடுகின்றவர், பறை அடிக்கின்றவர், பாவைக்கூத்துக் காட்டுகின்றவர், ஸ்பெஷல் நாடகத்தில் விடியவிடியப் பாடுகின்ற பெண்கள் ஆகியவர்களைக் கூத்தாடி என்று இளக்காரமாகப் பேசுகின்ற வாயே, சினிமா நடிகருக்குப் பட்டம் வரவில்லை என்றும் அழுகின்றது. நலிந்த கலைஞர் என்று விண்ணப்பம் போட்டு, வறுமையை நிரூபித்துக் காட்டினால் அரசாங்கம் மாதாமாதம் கொஞ்சம் உதவித் தொகை கொடுக்கின்றது. முதுமையில் ஒரு தொழிலாளி தன் வறுமைக்குச் சாட்சி தேடி அலைவது மரியாதையா? ஒரு பெரிய நடிகருக்கு இன்னும் ஒரு விருது வேண்டும் என்று கேட்கின்ற சங்கங்கள், தங்கள் ஊரில் இருக்கின்ற பத்து வயோதிகக் கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவாவது முன்வந்திருக்கின்றனவா?

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது இதுதான். சிவாஜி கணேசனுக்கு இன்ன பட்டம் வரவில்லையே என்று இனி யாரிடமும் முறையிட வேண்டாம். முறையிட முறையிட, கொடுக்க உரிமை படைத்தவன் அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கின்றான் என்று நாமே ஒப்புக் கொண்டவர்கள் ஆவோம். கோட்டையைப் பிடித்த பிறகு முடிக்காகக் காசிக்கு ஆள் அனுப்பிய ராஜாவின் கதியைத்தான் அந்த நடிகருக்கும் நாம் உண்டாக்குவோம். அவர் நடித்தார். நாம் பார்த்தோம். நன்றாயிருந்தது என்றோம். அந்த வார்த்தைக்கு மேல் ஒரு முத்திரை தேவையில்லை.

உங்கள் ஊரில் இன்றைக்கும் ஒரு பையன் மேடை ஏறியிருப்பான். அவன் எந்த ஜாதி, யார் மகன், எந்தக் கட்சி, சாமி கும்பிடுகின்றவனா இல்லையா என்று கேளாதீர்கள். நன்றாய்ச் செய்தானா என்று மாத்திரம் பாருங்கள். செய்திருந்தால் அவன் எதிரிலேயே வாயாரச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் அதையும் அவன் எதிரிலேயே சொல்லுங்கள். கையில் இருக்கின்ற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். பட்டம் கொடுக்க இவர்கள் யார் என்று கேட்டோம் அல்லவா? கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அதை நேரத்தோடு கொடுக்கப் பழகுவோமாக!